ஒரே பந்தி, ஒரே பணப்பை: செராம்பூர் மூத்த மிஷனரிகளின் அன்றாட வாழ்க்கை

கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது செராம்பூர். மேற்கு வங்கத்தின் நெரிசல் மிகுந்த நகரங்களில் ஒன்றாக இன்று காணப்படும் இவ்வூருக்கும் தமிழகத்தின் தரங்கம்பாடிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இரண்டுமே டென்மார்க் நாட்டின் வசம் இருந்தவை. 1755-ல் செராம்பூரில் காலூன்றிய டேனிஷ்காரர்கள், 1845-ல் இதனையும் தரங்கம்பாடியையும் சேர்த்து ரூ.12.5 லட்சத்துக்குக் கிழக்கிந்திய கம்பெனியிடம் விற்றுவிட்டு வெளியேறினர்.

டேனிஷ் கொடி பறந்த அந்த 90 ஆண்டுகளில், செராம்பூரின் பெயரை உலகறியச் செய்தவர்கள் டேனிஷ்காரர்கள் அல்லர், மூன்று ஆங்கிலேயர்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய வில்லியம் கேரி, பள்ளி ஆசிரியர் ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத் தொழிலாளியாகவும் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்த வில்லியம் வார்டு. பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த இம்மூவரையும் 'செராம்பூர் மூவர்' என்று வரலாறு குறிப்பிடுகிறது.

மிஷனரிகள் குறித்த விவாதம் இந்திய அரசியலில் ஓய்ந்ததில்லை. ஏகாதிபத்தியத்தின் ஏவலாட்கள் என்று ஒரு தரப்பும், தன்னலமற்ற தொண்டர்கள் என்று மறுதரப்பும் கூறி வருகின்றன. ஆனால், அவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யாருடன் அமர்ந்து உண்டார்கள், பணத்தை யார் பெயரில் வைத்தார்கள் என்ற கேள்விகள் இந்த விவாதத்தில் இடம்பெறுவதில்லை. செராம்பூரைப் பொருத்தவரை அந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு. மூவரும் தங்கள் நாள்களை எழுதி வைத்திருக்கின்றனர்.

கம்பெனிக்கு வேண்டாதவர்கள்

1793-ல் வங்கத்துக்கு வந்த கேரி, மால்டா பகுதியில் ஓர் அவுரித் தொழிற்சாலையின் மேலாளராகப் பணியாற்றிப் பிழைத்தார். மிஷனரிகள் வந்தால் உள்நாட்டவர் கொந்தளிப்பர், வணிகம் கெடும் என்று அஞ்சிய கம்பெனி, அவர்களுக்குத் தனது ஆட்சிப் பகுதியில் இடமளிக்க மறுத்து வந்தது. எனவே, 1799 அக்டோபரில் ஓர் அமெரிக்கக் கப்பலில் வந்த மார்ஷ்மன், வார்டு குழுவினர் கல்கத்தாவில் தங்காமல் நேராக டேனிஷ் செராம்பூருக்குச் சென்றனர். ஆளுநர் ஓலே பீ அவர்களுக்கு அடைக்கலம் அளித்தார். 1800 ஜனவரி 10-ம் தேதி கேரியும் குடும்பத்துடன் அங்கு வந்து சேர்ந்தார்.

பெரிய குழுவாகத் தொடங்கிய அந்த மிஷனில் மரணம் விரைவாகவே புகுந்தது. கிராண்ட், ஃபவுன்டன், பிரன்ஸ்டன், தாமஸ் ஆகிய நால்வரும் 1801-ம் ஆண்டு முடிவதற்குள் இறந்தனர். எஞ்சிய மூவரும் பின்னாளில் வந்தவர்களுக்கு மூத்தவர்கள் ஆயினர்.

மணி ஒலித்தால் வழிபாடு

வந்த ஒரு வாரத்துக்குள்ளாகவே குடும்ப நிர்வாகத்துக்கான விதிகள் வகுக்கப்பட்டன. பிரசங்கமும் ஜெபமும் அனைவருக்கும் முறை வைத்து வரும். ஒருவர் ஒரு மாதம் வீட்டு நிர்வாகத்தைக் கவனிப்பார், மறுமாதம் அடுத்தவர். பொருளாளர் பொறுப்பும் மருந்துப் பெட்டியும் கேரியிடம். யாரும் சொந்தமாக வணிகம் செய்யக் கூடாது. எவர் எதைச் சம்பாதித்தாலும் அது மிஷனின் பொதுப் பணப்பைக்குச் சேர வேண்டும்.

அன்றாட ஒழுங்கை வார்டு விவரித்துள்ளார். காலை சுமார் 6 மணிக்கு எல்லோரும் எழுவர். கேரி தமது தோட்டத்துக்குச் செல்வார். 7 மணிக்கு மார்ஷ்மன் பள்ளிக்கும், வார்டு, கேரியின் மகன் ஃபெலிக்ஸ் உள்ளிட்டோர் அச்சகத்துக்கும் செல்வர். 8 மணிக்கு மணி ஒலிக்கும். அனைவரும் கூடத்தில் ஒன்றுகூடிப் பாடி, வேதம் வாசித்து, ஜெபிப்பர். சிற்றுண்டிக்குப் பின் கேரி மொழிபெயர்ப்புக்கோ, மெய்ப்புத் திருத்தவோ அமர்வார். பகல் 12 மணிக்கு எளிய உணவு. பிறகு குளியல், வாசிப்பு, சிறு உறக்கம். பிற்பகல் 3 மணிக்குப் பிரதான உணவு. உண்டு முடித்ததும் ஒரு வேத வசனத்தையோ, ஒரு கேள்வியையோ எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தமது கருத்தைச் சொல்வர். மாலை 7 மணிக்குத் தேநீர். இரவு உணவு பெரும்பாலும் இல்லை.

சனிக்கிழமை மாலை வேறு விதமானது. அந்த வாரம் ஒருவர் மீது ஒருவருக்கு ஏற்பட்ட மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பதற்கென்றே அந்த மாலை ஒதுக்கப்பட்டிருந்தது. ஒருவரையொருவர் நேசிப்பதாக உறுதி கூறிய பிறகே கலைவர். ஒரே கூரையின் கீழ், ஒரே பணப்பையை நம்பிப் பல குடும்பங்கள் வாழும்போது பூசல் வந்தே தீரும் என்பதை அவர்கள் முதல் வாரத்திலேயே உணர்ந்திருந்தனர்.

1805 அக்டோபரில் இந்த வாழ்க்கை முறையை 11 கோட்பாடுகள் கொண்ட ஓர் உடன்படிக்கையாக எழுதிக் கையெழுத்திட்டனர். அது ஆண்டுக்கு மூன்று முறை உரக்க வாசிக்கப்பட வேண்டும் என்றும் முடிவு செய்தனர்.

கேரியின் ஒரு வியாழக்கிழமை

1801-ல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியராகக் கேரி நியமிக்கப்பட்டார். எந்தக் கம்பெனி அவரை மிஷனரியாக ஏற்க மறுத்ததோ, அதே கம்பெனி தனது இளம் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க அவருக்கு மாதம் ரூ.500 ஊதியம் அளித்தது. பேராசிரியராக உயர்ந்த பின் அது ரூ.1,000 ஆனது. சொற்ப செலவுத்தொகை நீங்கலாக அந்த ஊதியம் முழுவதும் பொதுப் பணப்பைக்கே சென்றது. வாரத்தின் நடுநாள்களில் கல்கத்தாவில் தங்கிக் கற்பிப்பதும், வார இறுதியில் படகில் செராம்பூர் திரும்புவதும் கேரியின் வழக்கமாயிற்று.

நண்பர் ஒருவருக்குத் தாமதமாகப் பதில் எழுதியதற்குக் காரணம் கூறும் வகையில், 1806 ஜூன் 12-ம் தேதி வியாழக்கிழமை தாம் செய்த பணிகளைக் கேரி பட்டியலிட்டார். காலை 5.45 மணிக்கு எழுந்து எபிரேய வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்தார். 7 மணி வரை தனி ஜெபம். பின்னர் வேலையாட்களுடன் வங்கமொழியில் குடும்ப வழிபாடு. தேநீர் தயாராகும் இடைவேளையில், அறை வாசலிலேயே காத்திருந்த முன்ஷியுடன் பாரசீகம் படித்தார். சிற்றுண்டி முடிந்ததும், அங்கு காத்திருந்த மற்றொரு பண்டிதருடன் அமர்ந்து சம்ஸ்கிருத ராமாயணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 10 மணிக்குக் கல்லூரி. பிற்பகல் திரும்பியதும் வங்கமொழி எரேமியா நூலின் மெய்ப்பைத் திருத்தினார். உணவுக்குப் பின் கல்லூரியின் தலைமைப் பண்டிதர் துணையுடன் மத்தேயு நூலைச் சம்ஸ்கிருதத்தில் பெயர்த்தார். மாலை 6 மணிக்குத் தெலுங்குப் பண்டிதரிடம் பாடம். 7.30 மணிக்கு சுமார் 40 பேர் முன்னிலையில் ஆங்கிலத்தில் பிரசங்கம். வந்திருந்தவர்களுள் ஒருவரான நீதிபதியிடம், புதிய வழிபாட்டுக் கூடம் கட்ட ரூ.500 நன்கொடை பெற்றார். 9 மணிக்குக் கூட்டம் கலைந்ததும் மீண்டும் அமர்ந்து 11 மணி வரை எசேக்கியேல் நூலை வங்கமொழியில் பெயர்த்தார். அதன் பிறகே அந்தக் கடிதம். உறங்கும் முன் கிரேக்க வேதத்தில் ஓர் அதிகாரம்.

மதம் மாற்ற வந்தவர் காலை வேளையை ராமாயணத்துக்குச் செலவிட்டது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், அதில் கணக்கு இருந்தது. ராமாயண வெளியீட்டுக்கு ஆசியச் சங்கமும் வில்லியம் கோட்டைக் கல்லூரியும் நிதியுதவி அளித்தன. அந்த வருவாய் வேத மொழிபெயர்ப்புக்குப் பயன்பட்டது. அதன் விளைவு அவர்கள் எண்ணியதையும் கடந்து சென்றது. கிருத்திவாசரின் வங்க ராமாயணத்தை முதன்முதலில் அச்சில் ஏற்றி மக்களிடம் கொண்டுசென்றது செராம்பூர் மிஷன் அச்சகமே.

வேலூரின் எதிரொலி

அக்கடிதம் எழுதப்பட்ட நான்கு வாரங்களில், ஜூலை 10-ம் தேதி, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சாதி, சமய அடையாளங்களுக்குத் தடை விதித்து, புதிய தலைப்பாகையைத் திணித்த ராணுவ அதிகாரிகளின் ஆணையே உடனடிக் காரணம். எனினும், மதம் மாற்றப்பட்டு விடுவோம் என்ற அச்சமே கலகத்துக்கு வித்திட்டது என்ற பேச்சு கல்கத்தாவை எட்டியபோது, பழி மிஷனரிகள் மீது திரும்பியது. வேலூருக்கும் செராம்பூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதிலும், ஆகஸ்ட் மாதத்தில் தற்காலிக கவர்னர் ஜெனரல் ஜார்ஜ் பார்லோவின் எச்சரிக்கை கேரிக்கு வந்தது. உள்நாட்டவரிடையே பிரசங்கம் செய்வதோ, நூல்களை விநியோகிப்பதோ கூடாது என்பது அதன் சாரம். புதிதாக வந்திறங்கிய இரு மிஷனரிகள் நாடு திரும்ப வேண்டும் என்றும் கூறப்பட்டது.

மறு ஆண்டில், இஸ்லாமியரைப் புண்படுத்தும் பாரசீகத் துண்டுப் பிரசுரம் ஒன்று செராம்பூர் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அச்சகத்தையே கல்கத்தாவுக்கு மாற்ற வேண்டும் என்று மின்டோ பிரபுவின் அரசு உத்தரவிட்டது. டேனிஷ் ஆளுநர் கிரெஃப்டிங் அதனை எதிர்த்து நின்றார். இறுதியில், பிரசுரங்களை முன்கூட்டியே அரசின் பார்வைக்கு அனுப்புவது என்ற சமரசத்துடன் அச்சகம் தப்பியது. கம்பெனி ஆட்சிக்குட்பட்ட பகுதியில் மிஷனரிகள் பணியாற்றச் சட்டப்படி வழி பிறந்தது 1813-ம் ஆண்டின் சாசனச் சட்டத்துக்குப் பிறகே.

பந்தியில் உடைந்த சாதி

கேரி வந்து ஏழு ஆண்டுகள் வரை ஒரு வங்காளிகூட மதம் மாறவில்லை. 1800 டிசம்பரில் தச்சர் கிருஷ்ண பாலும் அவரது நண்பர் கோகுலும் மிஷனரிகளுடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். ஞானஸ்நானத்துக்கு முன்பாகவே நடந்த அந்த உணவு, சாதியைத் துறந்ததன் பகிரங்க அறிவிப்பாக அமைந்தது. செய்தி பரவியதும் பெருங்கூட்டம் திரண்டு கிருஷ்ண பாலை நீதிபதி முன் இழுத்துச் சென்றது. டேனிஷ் அதிகாரிகள் அவரை விடுவித்தனர். டிசம்பர் 28-ம் தேதி ஹூக்ளி நதியில் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

1803-ல் பிராமணராகப் பிறந்து மதம் மாறிய இளைஞர் ஒருவருக்குத் தச்சர் கிருஷ்ண பாலின் மகள் மணமுடிக்கப்பட்டார். விருந்தில் மிஷனரிகளும் அமர்ந்து உண்டனர். அதே ஆண்டில் கோகுல் இறந்தபோது, அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் மார்ஷ்மனும், பிராமணராகப் பிறந்த ஒருவரும், முஸ்லிமாகப் பிறந்த ஒருவரும் இருந்தனர். பிணத்தைத் தொடுவதே தீட்டு என்று கருதப்பட்ட ஊரில் அந்த ஊர்வலத்தை மக்கள் வியப்புடன் பார்த்தனர்.

தமிழக வாசகர்கள் இதனைத் தரங்கம்பாடியுடன் ஒப்பிடலாம். செராம்பூருக்கு ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய தரங்கம்பாடி மிஷனில், சாதிவாரியான தனி இருக்கைகள் நெடுங்காலம் சகித்துக்கொள்ளப்பட்டன. ஒரே டேனிஷ் கொடியின் கீழ் இருந்த இரு ஊர்களிலும் இரு வேறு வழிகள் பின்பற்றப்பட்டன.

கணக்கில் வராதவர்கள்

1801-ல் வங்கமொழிப் புதிய ஏற்பாடு. 1818-ல் வங்கமொழி வார இதழான 'சமாச்சார் தர்ப்பண்'. அதே ஆண்டில் செராம்பூர்க் கல்லூரி. மூவரின் காலத்துக்குள் சுமார் 40 மொழிகளில் வேத நூலின் முழுமையோ, பகுதிகளோ என்று பட்டியல் நீளும். இம்மொழிபெயர்ப்புகளில் பலவற்றின் நடை செம்மையாக இல்லாததால் பின்னர் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

இப்பணி மூவரால் மட்டும் நடந்ததல்ல. கேரியின் அந்த வியாழக்கிழமையில் மட்டும், பொழுது விடிந்தது முதல் விளக்கேற்றும் வரை நான்கு இந்திய அறிஞர்கள் அவருடன் அமர்ந்தனர். ராம்ராம் பாசு, மிருத்யுஞ்ஜய் வித்யாலங்கார் போன்றோர் கேரியின் உதவியாளர்களாக மட்டுமின்றி, வங்க உரைநடையின் முன்னோடிகளாகவும் விளங்கினர். எழுத்துருக்களை வெட்டியவர் பஞ்சானன் கர்மகார். அவருக்குப் பின் அவரது மருமகன் மனோகர் பல பத்தாண்டுகள் அப்பணியைத் தொடர்ந்தார். 1812 மார்ச் 11-ம் தேதி இரவு அச்சகம் தீக்கிரையானபோது, தமிழ் உள்ளிட்ட 14 கீழ்த்திசை எழுத்துத் தொகுதிகள் உருகிப் போயின. கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. அச்சகம் சில மாதங்களிலேயே மீண்டெழ முடிந்ததற்கு, தப்பிய வார்ப்பு அச்சுகளும் அவற்றிலிருந்து இரவு பகலாக எழுத்து வார்த்த கைவினைஞர்களுமே காரணம்.

பெண்களின் பங்கும் இதே நிலைதான். மார்ஷ்மனின் மனைவி ஹன்னா, 1800-ல் கணவருடன் உண்டு உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கி நடத்தினார். மிஷனின் பொதுப் பணப்பையை நிரப்பிய முக்கிய ஊற்றுகளில் ஒன்று அப்பள்ளிகளின் வருவாய். 12 குழந்தைகளைப் பெற்று, அவர்களில் பலரைப் பறிகொடுத்த அவர், 1847 வரை செராம்பூரிலேயே வாழ்ந்து மறைந்தார்.

கேரியின் முதல் மனைவி டோரத்தியின் கதை துயரமானது. இந்தியாவுக்கு வர மனமின்றி வற்புறுத்தலால் வந்தவர் அவர். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தபின் அவரது மனநிலை குலைந்தது, பிறகு தெளியவேயில்லை. கேரி மொழிபெயர்த்துக் கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையில் அவர் அடைத்து வைக்கப்பட்டிருந்தார். 1807 டிசம்பரில் இறந்தார். அந்தக் காலத்தில் இந்நோய்க்கு வேறு பராமரிப்பு இல்லை என்று கூறப்படுவதுண்டு. இருப்பினும், செராம்பூரின் சாதனைப் பட்டியலை வாசிப்பவர்கள் அந்த அடுத்த அறையையும் நினைவில் கொள்ள வேண்டியுள்ளது.

மூத்தவர்களும் இளையவர்களும்

இந்தப் பந்தியை உடைத்தது வெளிப்பகை அல்ல. 1815-ல் சங்கத்தின் செயலர் ஆண்ட்ரூ ஃபுல்லர் இங்கிலாந்தில் மறைந்தார். மூவரையும் நேரில் அறிந்து, முழுமையாக நம்பியவர் அவர். புதிய நிர்வாகிகளோ, செராம்பூர்ச் சொத்துகள் யாருடையவை என்று கேட்டனர். தாங்கள் உழைத்துச் சம்பாதித்து மிஷனுக்கென வாங்கியவை, நிர்வாகம் தங்களிடமே இருக்க வேண்டும் என்றனர் மூவரும்.

இதே வேளையில் புதிதாக வந்த இளம் மிஷனரிகளும் முணுமுணுத்தனர். மூத்தவர்கள் சர்வாதிகாரம் செய்கின்றனர், முடிவெடுப்பதில் தங்களுக்குப் பங்கில்லை என்பது அவர்களது புகார். அவர்களுள் கேரியின் சொந்த சகோதரர் மகன் யூஸ்டஸ் கேரியும் ஒருவர். விரைவில் அவர்கள் கல்கத்தாவில் தனி அமைப்பாக இயங்கத் தொடங்கினர். மார்ஷ்மன் குடும்பத்தின் வாழ்க்கைத் தரம் பற்றியும் குற்றச்சாட்டுகள் பறந்தன.

1823 மார்ச்சில் வார்டு காலராவால் இறந்தார். 1827-ல் செராம்பூருக்கும் சங்கத்துக்கும் இடையிலான உறவு முறையாகவே முறிந்தது. தொடர்ந்து கல்கத்தாவின் பெரிய ஏஜென்சி நிறுவனங்கள் திவாலானதில் மிஷனின் சேமிப்பும் கரைந்தது. 1834 ஜூன் 9-ம் தேதி கேரியும், 1837 டிசம்பரில் மார்ஷ்மனும் காலமாயினர். மார்ஷ்மன் மறையும் வேளையில்தான் செராம்பூர் மிஷன் மீண்டும் சங்கத்துடன் இணைந்தது.

முறை வைத்து நிர்வாகம், சனிக்கிழமைச் சமரசம், தனிச்சொத்து மறுப்பு ஆகியவற்றைத் தங்களுக்குள் 20 ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்காத்த மூவருக்கு, அதே சமத்துவத்தை அடுத்த தலைமுறையுடன் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. தியாகத்தால் பெற்ற உரிமையை எளிதில் விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர்களது நியாயம். கணக்குக் கேட்பது அவநம்பிக்கை அல்ல என்பது இளையவர்களின் நியாயம். நிறுவனர்களின் நேர்மையை மட்டுமே நம்பி இயங்கிய எத்தனையோ இயக்கங்களும் கட்சிகளும் பின்னாளில் இதே இடத்தில்தான் தடுமாறின.

எஞ்சியிருப்பவை

மூவரும் உருவாக்கியவற்றில் நிலைத்து நிற்பது கல்லூரி. 37 மாணவர்களுடன் தொடங்கிய அது, அனைத்துச் சாதியினருக்கும் மதத்தினருக்கும் கதவைத் திறந்து வைத்தது. 1827-ல் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடரிக், பட்டம் வழங்கும் உரிமையுடன் அதற்குச் சாசனம் அளித்தார். 1845-ல் ஊர் கைமாறியபோதும் அந்த உரிமை காப்பாற்றப்பட்டது. இன்று அதன் கலை, அறிவியல் பிரிவுகள் கல்கத்தா பல்கலைக்கழகத்துடன் இணைந்துள்ளன. இறையியல் பட்டங்களைச் செராம்பூர் செனட் வழங்குகிறது. மதுரையிலும் சென்னையிலும் இறையியல் பயின்று பட்டம் பெறும் தமிழர்கள் பலரது சான்றிதழில் இந்த வங்க நகரின் பெயர் இருப்பதற்குக் காரணம் இதுவே.

1806-ல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் தேவாலயம் சிதிலமடைந்து கிடந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்புடன் சீரமைக்கப்பட்டு, 2016-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. ஆற்றங்கரையில் இருந்த பழைய டேனிஷ் விடுதியும் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் திறக்கப்பட்டது. கல்லூரியில் கேரியின் பெயரில் நூலகமும் அருங்காட்சியகமும் உள்ளன. மூவரின் கல்லறைகளும் அவ்வூரிலேயே உள்ளன.

கட்டடங்களைப் புதுப்பிக்க நிதியும் நிபுணர்களும் கிடைத்து விட்டனர். பஞ்சானனும் மனோகரும் வார்த்த எழுத்துகளுக்கும், வாசலில் காத்திருந்த பெயரறியாப் பண்டிதர்களுக்கும், ஹன்னாவின் பள்ளிக் கணக்குகளுக்கும் அதே அளவு இடம் கிடைக்கும்போதுதான் செராம்பூரின் அந்தப் பந்தி நிறைவு பெறும்.